வெருளி காத்த வீடு

பழைய வீட்டைத் திருத்துகிறோம் என்று சொல்லி, திருத்திய இடத்தையெல்லாம் மறுபடியும் பழசாக்குகிற வேலை ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று யாழ்ப்பாணத்தில் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால், ஆளுக்கு விசர் என்று நினைத்து என் பாட்டில் போயிருப்பேன். பிறகு அந்த வேலையை நானே பார்த்தேன். இத்தாலியில், பலெர்மோவில், கூரையில் ஏறிக் குந்தியிருந்து, வாளி நிறையத் தயிரைக் கரைத்து, புத்தம்புது ஓடுகளில் தூரிகையால் தடவினேன். தயிர் தடவினால் கெதியில் பாசி பிடிக்குமாம். பாசி பிடித்தால் ஓடு பழசாகத் தெரியுமாம். எங்கள் ஊரில் தயிர் அபிஷேகம் சாமிக்குத்தான் நடக்கும். இங்கே ஓட்டுக்கு நடந்தது, நான்தான் ஐயர்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. லிபெர்த்தா என்கிற பணக்காரத் தெருவில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஒரு சீமாட்டியின், வீட்டில் எனக்கு வேலை. சமையல், கூட்டித் துடைத்தல், துணிக்கு அயன் அழுத்தல், அவருடைய நாயை உலாத்தக் கொண்டுபோதல். சிஞ்ஞோரா விதவை. பிள்ளைகள் வடக்கே தூர நகரங்களில். நல்ல மனுஷி, அதில் நான் குறை சொல்ல மாட்டேன். "இவன் எங்கள் குடும்பத்தில் ஒருவன்" என்று வருகிற விருந்தாளிகள் அத்தனை பேருக்கும் சொல்லுவார். சொல்லிவிட்டு, குடும்பத்தில் ஒருவனைக் கோப்பி போட்டுக்கொண்டு வரச் சொல்லுவார்.

என்னுடைய உண்மையான குடும்பம் கொழும்பில், வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் ஓர் அறைக்குள் கிடந்தது. மனைவியும் மகளும். நான் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது மகள் தாயின் வயிற்றில் இருந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிற வயதுக்குக் கிட்ட வந்துவிட்டாள், அப்பாவின் முகத்தைக் கண்டதில்லை. அவர்களைக் கூப்பிட என்னிடம் பெர்மெஸ்ஸோ என்கிற தங்கும் அனுமதி இருந்தது, வேலை இருந்தது, வீடுதான் இல்லை. குடும்பம் இருக்கத்தக்க இடம் உண்டு என்று கொமூனே, அதாவது நகரசபை, அலுவலர் வந்து பார்த்துச் சொன்னால்தான் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் குடிவரவு அலுவலகத்தில் அடுத்த கதை கதைக்கலாம். நான் இருந்ததோ கபோ சந்தைக்கு மேலே, ஒரே அறையில் ஐந்து ஆம்பிளைகளோடு. காலையில் மீன்காரன் கூவும் சத்தத்தில் எழும்பி, இரவில் மீன் மணத்தோடு படுக்கிற இடம். எங்கள் முகத்தைப் பார்த்து வேறு வீடு தர ஒருவருக்கும் மனம் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் சிஞ்ஞோராவின் மாமா ஒருவர் கண்ணை மூடி, சியாகுல்லியில் இருந்த பழைய தோட்ட வீட்டை இவருக்கு விட்டுப்போனார். நகரத்தின் ஓரம், சுற்றிவர மந்தரீனோ மரங்கள். மந்தரீனோ எங்கள் தோடம்பழத்தின், அதுதான் ஆரஞ்சின், தங்கச்சி மாதிரி. கல்லால் கட்டிய பெரிய வீடு, முன்னால் கிணறு, பக்கத்தில் ஒரு கழுதைத் தொழுவம். சிஞ்ஞோரா கையைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "வீட்டை முன்பு இருந்தபடியே மீட்டெடுக்கப் போகிறேன். நீயும் உதவி செய். முடிந்ததும் தொழுவத்தை அறையாக்கி உனக்குத் தருகிறேன். காவலாளாக இரு. முறைப்படி எழுதியும் தருவேன். உன் மனைவியையும் குழந்தையையும் கூப்பிட்டுக்கொள்."

நான் அன்று பின்னேரமே மனைவிக்குப் போன் எடுத்தேன். "வீடு கிடைச்சிட்டுது" என்றேன். அவள் அழுதாள். தொழுவம் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. எதற்கு வீணாய் ஆளைக் குழப்புவான்?

முதல் நாளே காரியம் பிழைத்துவிட்டது. "சுத்தம் பண்ணு" என்று சிஞ்ஞோரா சொன்னார். நானும் என்னோடு அறையில் இருந்த மன்னார் நண்பனும் போனோம். அவன் என்னிலும் பார்க்க முதலே பலெர்மோவுக்கு வந்தவன், கபோவில் மீன் கடையில் வேலை, ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன். இரண்டு பேரும் கம்பித் தூரிகையால் கிணற்றுக்கட்டை உரஞ்சு உரஞ்சென்று உரஞ்சி, அதில் இருந்த பாசியெல்லாம் எடுத்து, சுண்ணாம்பு அடித்து, பாற்சொதி மாதிரி வெள்ளையாக்கி வைத்தோம். எங்களுக்கோ பெரிய புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. மறுநாள் சிஞ்ஞோரா வேலைக்குப் பிடித்த ஆர்க்கிடெக்ட் வந்து பார்த்தான். வெயில் மழை பாராமல் கறுப்புக் கோட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுத் திரிகிற ஒல்லிப் பிறவி. கிணற்றைக் கட்டிப்பிடித்து அழாத குறை. "நூற்றாண்டுகளின் தோல்! உரித்துவிட்டார்களே!" என்றான். பாசியை அவன் தோல் என்றுதான் சொல்லுவான். அந்தக் குற்றத்துக்குத்தான் எனக்குத் தயிர்த் தண்டனை கிடைத்தது. கிணற்றுக்குத் தடவி முடிய, புதிதாக வேய்ந்த கூரைக்கும் தடவச் சொன்னான்.

இப்படியே போனது. மேசன் நேராகப் பூசிய சுவரை ஆர்க்கிடெக்ட் கோணலாக்கச் சொன்னான். நல்ல கதவைக் கழற்றிப் போட்டுவிட்டு, பூச்சி அரித்த கதவொன்றை எங்கிருந்தோ அதிக விலைக்கு வாங்கி வந்தான். அந்தப் பூச்சி போதாதென்று, துளைகருவியால் இன்னும் கொஞ்சம் ஓட்டை போடச் சொன்னான். நானும் போட்டேன். எங்கள் ஊரில் ஷெல் விழுந்து வீடுகளுக்கு வந்த கோலத்தை இவர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். ஊரில் எங்கள் வீட்டை அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருந்தால் ஆர்க்கிடெக்ட் அதன் காலில் விழுந்து கும்பிட்டிருப்பான்.

மேசன் வேறு வகை. கிழமையில் ஒரு நாள் வந்தால் பெரிய காரியம். அவர் பேசியது சிசிலிப் பேச்சு. என் காதில் அது எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் விழும், ஆகவே அப்படியே எழுதுகிறேன். "நாளைக்குக் கட்டாயம் வாறன், என்ட தாயாணை" என்பார். அவருடைய தாய் பாவம். தொழுவத்துக் கூரைக்கென்று எடுத்து வைத்த வைரம் பாய்ந்த நல்ல மரங்கள் ஒருநாள் காணாமல் போயின. கேட்டதற்கு, "அதெல்லாம் பூச்சி திண்டிட்டுது" என்றார். முற்றத்தில் ஒரு துகள்கூட விடாமல் தின்ற பூச்சியை நான் அங்கேதான் கேள்விப்பட்டேன்.

கொழும்புக்குப் போன் எடுக்கிற நாளெல்லாம் ஒரே கேள்விதான்.

"இன்னும் முடியேல்லையே? இப்ப என்ன செய்யினம்?" என்பாள் மனைவி.

"ஓட்டுக்குத் தயிர் தடவுறம்."

"என்னப்பா விசர்க்கதை கதைக்கிறியள்? இஞ்சை பிள்ளைக்குத் தயிர் வாங்க நான் யோசிக்கிறன், நீங்கள் அங்கை ஓட்டுக்குத் தடவுறியளோ?"

"அதுதான் இஞ்சத்தை முறை."

"உங்கடை முறையும் நீங்களும். பிள்ளை கேக்குது, அப்பா எப்பிடி இருப்பாரெண்டு. ஒரு படமெண்டாலும் அனுப்புங்கோவன்."

படம் என்றால் சும்மா எடுக்கலாமா? கபோவில் பழைய உடுப்பு விற்கிறவனிடம் ஒரு கறுப்புக் கோட்டும் காற்சட்டையும் வாங்கினேன். பக்கத்திலேயே கறுப்புக் கண்ணாடி. மீசையை வடிவாக வெட்டினேன். சியாகுல்லி வீட்டு முன்சுவரில் சாய்ந்து நின்று, மன்னார் நண்பனைக் கொண்டு படம் எடுப்பித்தேன். தொழுவம் விழாமல் எடு என்று மட்டும் சொன்னேன். பார்த்தால் வீட்டுச் சொந்தக்காரன் தோற்றுப்போவான். மகள் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுக்கிறாள் என்று மனைவி சொன்னபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்தக் கோட்டு பிறகு மேசன் கட்டிய சாரத்தில் மாட்டிக் கிழிந்தது. கண்ணாடியிலும் ஒரு கால் முறிந்தது. படம் மட்டும் பிழையில்லாமல் கொழும்பில் இருந்தது.

இப்படி இழுபட்டுக்கொண்டிருந்த ஒருநாள், ஆர்க்கிடெக்ட் தொழுவத்துக்கு நடுவில் போய் நின்றான். மேலே கூரை இல்லை, வானம் தெரிந்தது. தலையை நிமிர்த்தி நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதை இப்படியே விடுவோம்" என்றான். "கூரை வேண்டாம். ஒரு சிதைவு. மல்லிகை படரட்டும். நட்சத்திரங்களுக்குக் கீழே இருந்து சாப்பிடலாம்."

சிஞ்ஞோராவும் நிமிர்ந்து பார்த்தார். "எவ்வளவு அழகு!" என்றார்.

"சிஞ்ஞோரா, இது என் குடும்பத்துக்கென்று சொன்னீர்கள்" என்றேன்.

"உனக்கு வேறு ஏதாவது பார்ப்போம், பொறு" என்று என் தோளில் தட்டினார். நாயைத் தட்டுவதும் அப்படித்தான். வேறு ஏதாவது என்றால் என்ன, எப்போது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன். கோதாரியிலே போவான், அவனுக்கு நட்சத்திரம் பார்க்க என் பிள்ளையின் கூரைதான் கிடைத்ததா?

மனைவிக்குச் சொன்னேன். இந்த முறை தொழுவக் கதையையும் சேர்த்துச் சொன்னேன். அவள் கேட்டாள்: "வெருளி கட்டினனீங்களே?"

"என்ன?"

"வீட்டுக்கு வெருளி கட்டினனீங்களோ எண்டு கேக்கிறன். ரோட்டாலை போறவன் வாறவன்ர கண்ணெல்லாம் அந்த வீட்டிலைதான். கண்ணூறு கழியாமல் வேலை எப்பிடியப்பா ஓடும்? கட்டேல்லையெல்லோ?"

நான் கட்டவில்லை. எங்கள் பக்கத்தில் வீடு எழும்பத் தொடங்கினால், பழைய காற்சட்டைக்கும் சட்டைக்கும் வைக்கோல் அடைத்து, பானையில் முகம் கீறித் தலையாக வைத்து, ரோட்டைப் பார்க்கக் கட்டித் தொங்கவிடுவார்கள். பார்க்கிறவன் கண் வீட்டில் படாமல் அதில் படும். குடிபுகுந்து பால் காய்ச்சுகிற நாளில்தான் அதை இறக்குவார்கள். இத்தனை மாதம் ஓட்டுக்குத் தயிர் தடவிய எனக்கு இந்தச் சின்ன விஷயம் புத்தியில் படவில்லையே என்று என்மேலேயே கோபம் வந்தது.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம், எல்லோரும் போன பிறகு, வெருளி செய்தேன். கிழிந்த அந்தக் கறுப்புக் கோட்டும் காற்சட்டையும் இருந்தன. தோட்டத்தில் காய்ந்த புல்லை இறுக்கி அடைத்தேன். மண்சட்டி ஒன்றைக் கவிழ்த்துத் தலையாக்கி, கரியால் மீசை கீறினேன். கால் முறிந்த கண்ணாடியையும் கம்பியால் கட்டி மாட்டினேன். ஒரு பழைய சப்பாத்தைப் பக்கத்தில் தொங்கவிட்டேன், அதுவும் எங்கள் முறைதான். கழுத்தில் கயிறு போட்டு, முன்சுவருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த உத்தரத்தில், ரோட்டுக்கு நேரே தூக்கிக் கட்டினேன். காற்றுக்கு மெல்ல ஆடியது. கீழே நின்று பார்த்தேன். சோக்கான வெருளி. மனம் ஆறி, பஸ் ஏறி வந்து படுத்தேன்.

திங்கள் காலையில் மேசன் வந்தார். சொன்ன நாளில் அவர் வந்ததே முதல் அதிசயம். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். முகத்தில் ஒரு துளி இரத்தம் இல்லை. நான் சிரித்துக்கொண்டு கிட்டப் போனேன், விளக்கம் சொல்லலாம் என்று. அவர் என்னைப் பார்க்காமலே, "தொழுவத்துக் கூரையை இண்டைக்கே தொடங்குவம்" என்றார். போனவர், மத்தியானத்துக்குள் லொறியில் அந்த வைர மரங்களோடு திரும்பி வந்தார். பூச்சி தின்றதைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாக்கும்.

பிறகு ஆர்க்கிடெக்ட் வந்தான். காரை விட்டு இறங்கினான். மேலே பார்த்தான். கறுப்புக் கோட்டு, கறுப்புக் கண்ணாடி. கீழே குனிந்து தன்னுடைய கோட்டைப் பார்த்தான். தன் கண்ணாடியை மெதுவாகக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தான். ஒன்றும் பேசாமல் காரில் ஏறிப் போனான். பின்னேரம் சிஞ்ஞோராவுக்குப் போன் வந்தது, மிலானோவில் அவனுடைய அம்மாவுக்குச் சுகமில்லையாம், கடுமையாம், உடனே போகிறானாம், எப்போது வருவான் என்று தெரியாதாம். அவனுடைய அம்மா பலெர்மோவில்தான் இருக்கிறா. முந்திய கிழமைதான் சிஞ்ஞோரா வீட்டுக்கு வந்து என் கையால் கோப்பி குடித்துவிட்டுப் போனவ, நல்ல சுகமாக.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெருளியின் சக்தி இவ்வளவா என்று மனைவியை மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். இரவுச் சாப்பாட்டில் மன்னார் நண்பனிடம் பெருமையாகச் சொன்னேன். அவன் வாய்க்குக் கொண்டுபோன சோற்றைத் திருப்பி வைத்துவிட்டான்.

"டேய், உது நீ கட்டினதே?"

"ஓம். ஏன்?"

"மாதாவே! சந்தை முழுக்க அந்தக் கதைதானடா. இந்த ஊரிலை ஒரு பொம்மையின்ர கழுத்திலை கயிறு போட்டு வீட்டுக்கு முன்னாலை தொங்கவிட்டால் என்ன கருத்தெண்டு தெரியுமே உனக்கு? அடுத்தது நீதான் எண்டு கருத்து. பெரிய ஆக்கள், மாஃபியாக்காரர் செய்யிற வேலை. ஆருக்குச் சொன்னதெண்டு தெரியாமல் அங்கை எல்லாரும் தன்ர தன்ர கழுத்தைத் தடவிக்கொண்டு திரியிறாங்கள்."

நான் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பினேன். "நான் போய் உண்மையைச் சொல்லுறன்" என்றேன்.

"சொல்லு, சொல்லு. ஆர் கேக்கப் போறாங்கள் எண்டு பாப்பம்."

அவன் சொன்னது சரியாகிப் போனது. மறுநாள் மேசனிடம், "அதைக் கட்டினது நான்" என்று தொடங்கினேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே, "நான் ஒண்டும் கேக்கேல்லை, நீர் ஒண்டும் சொல்லேல்லை" என்றார். பொம்மையைக் கையால் காட்டினேன். "எந்தப் பொம்மை?" என்றார். அவருடைய மூக்குக்கு ஒரு முழம் மேலே அது ஆடிக்கொண்டிருந்தது. இறக்கிவிடலாம் என்று ஏணியை எடுத்தேன். மனுஷன் ஓடி வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். வைத்தவன்தான் எடுக்க வேண்டுமாம், வேறு ஆள் தொட்டால் தனக்கும் வந்து சேருமாம். நான்தான் ஐயா வைத்தவன் என்று எத்தனை தரம் சொல்லுவது?

சிஞ்ஞோரா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நான் கும்பிட்டுக்கொண்டு சொன்னேன்: "சிஞ்ஞோரா, பயப்படாதீர்கள். அது எங்கள் ஊர் வழக்கம். கண்ணூறுக்கு நான் கட்டினது."

அவர் என் வாயைப் பொத்தினார். கண்ணில் தண்ணீர். "எவ்வளவு நல்லவன் நீ! எங்களைக் காப்பாற்றப் பழியை உன் தலையில் போடுகிறாய். வேண்டாம். நீ எதையும் பார்க்கவில்லை. நான் எதையும் கேட்கவில்லை."

உண்மை சொல்ல வந்தவனை வீரனாக்கி அனுப்பினார்கள். எனக்கு வீரம் வேண்டாம், வீடுதான் வேண்டும். ஆனால் அடுத்து அவர் சொன்னது என்னை அப்படியே இருத்திவிட்டது. வீட்டை விற்கப் போகிறாராம்.

இரண்டு கிழமை நான் சோறு தண்ணி இல்லாமல் திரிந்தேன். ஒரு பக்கம் மேசன் பேய் பிடித்தவர் மாதிரி வேலை செய்து தொழுவத்துக்குக் கூரை போட்டு, நேரான சுவர் பூசி, கழிவறையும் கட்டி, சன்னலும் வைத்து முடித்துவிட்டார். மறுபக்கம் அந்த வீட்டை வாங்க யார் வருவான் என்று சிஞ்ஞோரா வழி பார்த்துக்கொண்டிருந்தார். வெருளி தந்ததை வெருளியே பறிக்கப் போகிறது என்று நினைத்து நினைத்து எனக்குப் பைத்தியம் பிடிக்கப் பார்த்தது. நல்ல காலம், ஒருவனும் வரவில்லை. பொம்மை தொங்குகிற வீட்டை வாங்க அந்த ஊரில் யாருக்குத் துணிவு?

கடைசியில் சிஞ்ஞோராவே ஒரு முடிவுக்கு வந்தார். "நான் அங்கே ஓர் இரவுகூடப் படுக்க மாட்டேன். பூட்டிப் போட்டாலும் அவர்களுக்கு அது பிடிக்குமோ தெரியாது. நீ இரு. உன் குடும்பத்தைக் கூப்பிடு. தொழுவத்துக்கு இன்றைக்கே எழுதித் தருகிறேன், பெரிய வீட்டையும் பார்த்துக்கொள். உங்களுக்கு யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள்."

எவ்வளவு பெரிய மனசு பாருங்கள். தான் படுக்கப் பயந்த வீட்டில் என் பிள்ளையைப் படுக்கச் சொன்னார். குடும்பத்தில் ஒருவன் என்று அவர் இத்தனை வருஷம் சொன்னதன் அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்கு முழுதாக விளங்கியது. கோபம் உச்சிக்கு ஏறியது. ஏறிய கோபத்தை விழுங்கிக்கொண்டு, "நன்றி சிஞ்ஞோரா" என்றேன். அந்தப் பொம்மைக்குப் பயப்படத் தேவையில்லாத ஒரே ஆள் நான்தானே.

கொமூனே அலுவலர் பார்க்க வந்தார். சன்னல் அளவு, கழிவறை, ஈரம் எல்லாம் பார்க்க வேண்டியவர். வாசலில் கார் நின்றது. கண்ணாடியை இறக்கி மேலே ஒரு தரம் பார்த்தார். "அருமையான வீடு. நல்ல காற்றோட்டம்" என்று காருக்குள் இருந்தபடியே எழுதிவிட்டு, வந்த வேகத்தில் போனார். காற்றோட்டம் உண்மைதான், வெருளி நன்றாக ஆடிக்கொண்டிருந்தது.

பிறகு குவெஸ்தூராவில் நின்ற வரிசைகளையும் கொழும்பில் மனைவி நின்ற வரிசைகளையும் விட்டுவிடுகிறேன். ஒருவழியாக அவர்கள் வந்தார்கள். மன்னார் நண்பன் மீன் கடை வேனைக் கேட்டு எடுத்து வந்தான். விமான நிலையத்தில் மனைவியின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டேன். அவள் மெலிந்து போயிருந்தாள். நான் குனிந்து பிள்ளைக்குக் கையை நீட்டினேன். அவள் தாயின் சேலைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"இவர் ஆர் அம்மா?"

"அப்பாவெல்லோ. போங்கோ, அப்பாட்டைப் போங்கோ."

"இல்லை. இவர் இல்லை. எங்கடை அப்பா கறுப்புக் கோட்டுப் போட்டவர், கண்ணாடி போட்டவர். வீட்டுக்கு முன்னாலை நிக்கிறவர்."

நான் அன்றைக்கென்று வெள்ளைச் சட்டையை அழுத்திப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். வழி முழுக்க அவள் என் பக்கம் திரும்பவில்லை. மீன் மணக்குது என்று மட்டும் தாயிடம் சொன்னாள். சின்னப்பிள்ளை, பழக நாளெடுக்கும் என்று மனைவி கண்ணால் சொன்னாள். எனக்கு அது தெரியும். தெரிந்தும் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

சியாகுல்லி வாசலில் வேன் நின்றது. கதவைத் திறந்ததும் பிள்ளை குதித்து ஓடினாள்.

"அம்மா, அந்தா அப்பா!"

வெருளிக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். கையை ஆட்டினாள். "அப்பா! நாங்கள் வந்திட்டம்!" என்று கத்தினாள். காற்றுக்கு அது கொஞ்சம் ஆடியது. அவள் சிரித்தாள்.

நான் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன். சட்டித் தலையும் புல்லு வயிறுமாகத் தொங்குகிற ஒன்றைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது. மனைவி என்னைப் பார்த்தாள், வெருளியைப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, நல்ல நேரம் போகப் போகுது. நான் பாலை வைக்கிறன். நீங்கள் முதல்லை அதை இறக்குங்கோ" என்றுவிட்டு, கொண்டுவந்த புதுப் பானையோடு உள்ளே போனாள்.

நண்பன் என் கையைப் பிடித்தான். "விசர் வேலை பாக்காதை மச்சான். உது தொங்குமட்டும்தான் பெரிய வீடு உனக்கு. இறக்கினால் பயம் தெளிஞ்சு அந்தச் சிஞ்ஞோரா மனுசி திரும்பி வந்திடும்."

"வாயைப் பொத்தடா" என்றேன். அவன் சொன்னபடிதான் பிறகு நடந்தது. பயம் தெளிந்து சிஞ்ஞோரா வந்தார், பெரிய வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார், விருந்தாளிகளுக்கு என் வீரத்தைச் சொல்லிவிட்டுக் கோப்பி கேட்டார். தொழுவம் மட்டும் எழுதினபடி எங்களுக்கு நின்றது. ஆனால் அன்றைக்கு நான் அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் இல்லை. ஏணியைச் சாத்தி ஏறினேன். கத்தியைக் கயிற்றில் வைத்தேன்.

கீழே பிள்ளை வீரிட்டாள். "மாமா! மாமா! அப்பாவை ஒண்டும் செய்யாதேங்கோ!"

ஏணியைப் பிடித்து உலுப்பினாள். மாமா என்றது என்னை. கத்தி கை தவறிக் கீழே விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சைக் கையால் அவிழ்த்து, குழந்தையை இறக்குகிற மாதிரி அதை மெல்ல அணைத்து இறக்கினேன். சுவருக்குப் பின்னால் கொண்டுபோய் புல்லையெல்லாம் உதறிவிட்டு, அந்தக் கிழிந்த கோட்டை எடுத்து வெள்ளைச் சட்டைக்கு மேலே போட்டேன். கால் முறிந்த கண்ணாடியையும் மாட்டினேன். அது ஒரு பக்கம் சரிந்துகொண்டு நின்றது. வெளியே வந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் மேசன் தன் முச்சக்கர வண்டியில், புது வீட்டுக்கென்று ஒரு பெட்டி மந்தரீனோவோடு வந்து இறங்கினார். மேலே பார்த்தார், உத்தரம் வெறுமையாக இருந்தது. கீழே பார்த்தார், அதே கோட்டு முற்றத்தில் நடந்து வந்துகொண்டிருந்தது. நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு, பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு, வண்டியைப் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போனார். நண்பன் வேனில் சாய்ந்து நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

பிள்ளை சிரிக்கவில்லை. அழுத முகத்தோடு என்னைக் கால் தொடக்கம் தலை வரைக்கும் பார்த்தாள். கிட்ட வந்தாள். கோட்டில் ஒட்டியிருந்த ஒரு புல்லைக் கிள்ளி எடுத்தாள்.

"அப்பா, ஏன் இவ்வளவு நாளும் மேலை நிண்டனீங்கள்?"

"நீங்கள் வருமட்டும் வீட்டைப் பாத்துக்கொண்டு நிண்டனான், குஞ்சு."

உள்ளே இருந்து மனைவி கூப்பிட்டாள்: "இஞ்சாருங்கோ, பால் பொங்கிட்டுது. ரண்டு பேரும் வாங்கோ."

பிள்ளை கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டு என்னோடு உள்ளே வந்தாள். கோட்டின் கையைத்தான், என் கையை அல்ல. அதைப் பிடிக்க அவளுக்கு இன்னும் கொஞ்சக் காலம் எடுத்தது. அதுவரைக்கும் சியாகுல்லி வெயிலில், வீட்டுக்குள்ளும் வெளியிலும், நான் அந்தக் கோட்டோடுதான் திரிந்தேன்.